தாய்ப்பத்திரம் கேட்ட சிடி

மன்னார்குடி மாமா போன் பண்ணினால் முதல் வாக்கியமே பிரச்சினையாகத்தான் இருக்கும். சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படி இருக்குங்க என்பதெல்லாம் கடைசியில் ஞாபகம் வந்தால் கேட்பார்.

"மாப்ளே, கம்ப்யூட்டர் உள்ளேருந்து பல்லி கத்துது."

"பல்லியா?"

"டிக்... டிக்... டிக்குன்னு. அப்புறம் அப்படியே நின்னு போயிடுது. திரும்ப ஆன் பண்ணா அரை மணி நேரம் சுத்துது."

பல்லி கத்தினால் பலன் பார்ப்பார்கள். ஹார்ட் டிஸ்க் கத்தினால் ஒரே ஒரு பலன்தான். உடனே அணைத்து வையுங்கள், சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

மாமா பத்திர எழுத்தர். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் இருக்கிற தெருவில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கையால் எழுதிய காலம், டைப்ரைட்டர் காலம், கம்ப்யூட்டர் காலம் மூன்றையும் பார்த்தவர். அந்தக் கம்ப்யூட்டர் 2018-இல் வாங்கியது. வாங்கும்போதே விண்டோஸ் 10 உள்ளே இருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனவே டிஸ்கை மாற்றுகிற கையோடு 11-க்கும் ஏற்றிவிடு என்றார். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வைக்கச் சொன்னேன். அன்று சாயந்திரமே மறுபடி போன்.

"டிஸ்க் வாங்கியாச்சு. கீ வேணுமே? வாங்கினப்போ கொடுத்த கவரைப் பிரிச்சுப் பார்த்தேன். பில்லும் வாரண்டி கார்டும்தான் இருக்கு. சிடி கூட இல்லை."

"ஒண்ணும் வேணாம் மாமா."

"அது எப்படி ஒண்ணும் வேணாம்? நீ போடப்போறது அப்கிரேடு. பழசு இருந்தாத்தான் அதுக்கு மேல புதுசு. இந்த டிஸ்க் கவர் பிரிக்காத டிஸ்க். இதுல ஒண்ணுமே இல்லை. எதுலேருந்து மாப்ளே அப்கிரேடு பண்ணுவே? தாய்ப்பத்திரம் இல்லாம கிரயம் எழுதுற மாதிரில்ல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கும் மேலாக நான் ஊர் ஊராக, வீடு வீடாக ஓஎஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த விவகாரத்துக்கு இவ்வளவு பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. தாய்ப்பத்திரம்! நிலம் வாங்குகிறவன் விற்கிறவனிடம் முதலில் கேட்பது, இது உனக்கு எப்படி வந்தது, அதைக் காட்டு என்பது. அப்கிரேட் சிடியும் அதையேதான் கேட்கும். எங்கே பார்த்துக் கேட்கும், எதை ஒப்புக்கொள்ளும் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

முதன்முதலில் அது என்னிடம் கேட்டது 2003-இல். அப்போது தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடி வேலை. கணக்கும் பார்ப்பேன், கம்ப்யூட்டரும் பார்ப்பேன், வெற்றிலையும் வாங்கி வருவேன். ஊரெல்லாம் மார்க்கர் பேனாவில் 'எக்ஸ்பி' என்று எழுதிய சிடிதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி மட்டும் அதில் பிடிவாதக்காரர். காசு கொடுத்து வாங்கியதைத்தான் போட வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் 98 வாங்கியிருந்ததால் எக்ஸ்பியில் முழுப் பதிப்பு வாங்காமல் விலை குறைந்த அப்கிரேட் சிடியை வாங்கியிருந்தார். ஒருநாள் டிஸ்க் போனது. புது டிஸ்க் மாட்டி, அப்கிரேட் சிடியைப் போட்டேன். சிடியிலிருந்து பூட் ஆக ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வரும், அழுத்தினேன். நீலத்திரை வந்தது. உள்ளே போய் நின்றுகொண்டு, 'இந்தக் கணினியில் பழைய விண்டோஸ் எதையும் காணோம், நீ இதற்குத் தகுதியானவன்தானா என்று பார்க்க வேண்டும், உன் பழைய சிடியைப் போடு' என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு பத்தி.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். அதே பத்தி. கடைசியில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இரும்பு பீரோவைத் திறந்து, கிரயப் பத்திரங்களும் எல்ஐசி பாலிசியும் இருந்த கட்டிலிருந்து 98 சிடியை எடுத்துக் கொடுத்தார். அதைப் போட்டேன். டிரைவ் உருமியது. சில விநாடிகளில் சரி, இப்போது எக்ஸ்பி சிடியைத் திருப்பிப் போடு என்றது. அவ்வளவுதான். அந்தச் சிடியிலிருந்து அது ஒன்றையும் டிஸ்கில் ஏற்றவில்லை. முகத்தைக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டது. அப்புறம் பார்ட்டிஷன், ஃபார்மேட், '39 நிமிடங்கள்' என்று தொடங்கி எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்படாமல் குறைகிற அந்தக் கணக்கு. எக்ஸ்பி போட்டவர்கள் யாரும் அந்த 39-ஐ மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரிஜினலைக் கையில் கொண்டுவா, கண்ணால் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்ற அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. பீரோவில் பத்திரமாக வைத்தவனுக்கு மரியாதை இருந்தது. 2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். சிடியைக் காட்டுகிற கதையெல்லாம் வேண்டாம், பழைய விண்டோஸ் டிஸ்கில் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குள் இருந்துதான் அப்கிரேடைத் தொடங்க வேண்டும் என்றார்கள். பத்திரம் போதாது, நிலம் உன் சுவாதீனத்தில் இருக்கணும் என்கிற மாதிரி. டிஸ்க் செத்துப்போனவன் என்ன செய்வான்? செத்த டிஸ்கில் இருந்த விண்டோஸோடு அவன் உரிமையும் புதைந்துவிட்டதா? ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டார்கள். கீ எதுவும் கொடுக்காமல் வெற்று டிஸ்கில் விஸ்டாவைப் போடு. பிறகு அந்த விஸ்டாவுக்குள்ளிருந்தே அதே விஸ்டாவை அப்கிரேட் செய், இப்போது கீ கொடு. தனக்குத் தானே தாய்! இரண்டு தடவை போட வேண்டும், அரை நாள் போகும். ஆனால் நடந்தது.

நான் விஸ்டாவைத் தொடவில்லை. எனக்கு வந்தது விண்டோஸ் 7. 2009 அக்டோபர் 22-இல் அது வெளிவந்தது. அந்த மார்கழியில் அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன், எனக்குச் சட்டை வாங்கி வருவதற்குப் பதிலாக ஹோம் பிரீமியம் அப்கிரேட் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். அங்கே முழுப் பதிப்பு 199.99 டாலர், அப்கிரேட் 119.99. எண்பது டாலர் வித்தியாசம். என்னிடம் இருந்தது எக்ஸ்பியோடு வந்த கம்ப்யூட்டர், பக்கவாட்டில் 25 எழுத்துக் கீயோடு ஸ்டிக்கரும் இருந்தது. எக்ஸ்பி வைத்திருப்பவனும் 7-க்கு அப்கிரேட் விலையில் போகலாம், ஆனால் மேலே மேலே ஏற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும் என்பது விதி. நான் செய்த முட்டாள்தனம், பெட்டி வந்த சந்தோஷத்தில் புது 500 ஜிபி டிஸ்க் வாங்கி, பழையதைத் துடைத்து அக்கா பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அதாவது தாய்ப்பத்திரத்தை நானே கிழித்துப் பட்டம் விட்டேன்.

விண்டோஸ் 7 நல்ல பிள்ளை மாதிரி வெற்று டிஸ்கில் ஏறிக்கொண்டது. ஒன்றுமே கேட்கவில்லை. அட, இவ்வளவுதானா என்று ஒரு காபி போட்டுக் குடித்தேன். ஆக்டிவேட் செய்யப் போனபோதுதான் சொன்னது. இந்தக் கீ அப்கிரேடுக்கு மட்டும்தான் செல்லும், புதிதாகப் போட்டதற்குச் செல்லாது. கூடவே 004எஃப்061 என்று முடியும் ஒரு பிழை எண். அந்த எண் எனக்கு இன்னமும் மனப்பாடம், என் ரேஷன் கார்டு எண் மனப்பாடம் இல்லை.

முப்பது நாள் தவணை இருந்தது. ரீஆர்ம் என்று ஒரு கட்டளை உண்டு, அதை மூன்று தடவை கொடுத்து 120 நாள் வரை இழுக்கலாம். இழுத்து என்ன பண்ண, கடைசியில் அதே இடத்தில்தானே நிற்க வேண்டும். போனில் செய்யவும் வழி இருந்தது. திரையில் வருகிற 54 இலக்கத்தை ஆறு ஆறாக ஒன்பது கட்டமாக அமுக்க வேண்டும், மறுமுனை 48 இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும், அதை நாம் தட்ட வேண்டும். மூன்றாவது கட்டத்தில் யாராவது கதவைத் தட்டினால் போச்சு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. நண்பன் ஒருவன் சொன்னான்: ரெஜிஸ்ட்ரியைத் திற, மீடியாபூட்இன்ஸ்டால் என்று ஒரு வரி இருக்கும், அதில் 1 என்று இருப்பதை 0 ஆக்கு, ரீஆர்ம் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணு.

திறந்து பார்த்தேன். இருந்தது. 'இந்த ஆள் டிவிடியிலிருந்து பூட் செய்து வெற்று டிஸ்கில் போட்டான்' என்று அது தனக்குத்தானே எழுதி வைத்திருந்த ஒரே ஒரு 1. அதை 0 ஆக்கினேன். ரீஸ்டார்ட் ஆனதும் அதே கீ, அதே நான், அதே டிஸ்க், மறுபேச்சில்லாமல் ஆக்டிவேட் ஆனது. எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கம்ப்யூட்டர் பக்கவாட்டில் அந்த எக்ஸ்பி ஸ்டிக்கர் ஒட்டியபடிதான் இருந்தது. உரிமை இருந்தது, அதைக் காட்டச் சாட்சிதான் இல்லாமல் போயிருந்தது. இப்படிப்பட்ட கேஸ்கள் மாமாவிடம் வாரத்துக்கு நாலு வரும்.

இத்தனையையும் போனில் மாமாவிடம் சொல்லி முடித்தபோது அவர் கேட்டது, "சரி, இப்ப எங்கே பார்க்குறான்?"

இப்போது போர்டில் பார்க்கிறான், இல்லாவிட்டால் தன் சர்வரில் பார்க்கிறான். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கிற கம்ப்யூட்டர்களில் ஸ்டிக்கரில் கீ கிடையாது. மதர்போர்டின் பயோஸ் சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வந்தபோது ஒரு வருஷம் இலவச அப்கிரேட் கொடுத்தார்கள், ஞாபகமிருக்கும். அப்படி ஏறியவர்களுக்குத் தனிக் கீயே கொடுக்கவில்லை. கணினியின் வன்பொருளிலிருந்து ஒரு ரேகை மாதிரி எடுத்து, இன்ன ரேகைக்காரன் உரிமையாளன் என்று அவர்கள் சர்வரில் குறித்து வைத்துக்கொண்டார்கள். முதல் சில மாதம், வெற்று டிஸ்கில் 10 போட வேண்டுமென்றால் முதலில் 7-ஐப் போட்டு, அதன் மேல் ஒருமுறை அப்கிரேட் செய்து ரேகை வைத்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் துடைத்து மறுபடி 10 போட வேண்டியிருந்தது. ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று தடவை ஓஎஸ் போட்டிருக்கிறேன். அந்த நவம்பரில் வந்த பதிப்பு பழைய 7, 8 கீயையே நேராக ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. இலவச வருஷம் முடிந்த பிறகும் அந்தக் கதவு ஏனோ சாத்தாமலே கிடந்தது. 2023 செப்டம்பரில்தான் சாத்தினார்கள்.

"அப்ப பட்டா மாதிரின்னு சொல்லு," என்றார் மாமா. "காகிதம் நம்ம கையில இல்லாட்டியும் கம்ப்யூட்டர்ல ஏறியிருந்தா சரி."

அதேதான்.

சனிக்கிழமை காலை போனேன். எஸ்எஸ்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மாமா, "இவ்வளவு லேசா இருக்கே, உள்ளே ஏதாவது இருக்கா?" என்றார். கேபினெட்டில் அதற்கான தட்டு இல்லை. சுழலுகிற பாகம் எதுவும் கிடையாது என்பதால் டபுள் டேப்பில் ஒட்டினேன். இங்கே ஒரு விஷயம். புது டிஸ்கில் ஓஎஸ் போடும்போது பழைய டிஸ்கின் கேபிளை உருவிவிடுங்கள். உருவாவிட்டால் விண்டோஸ் ஒரு இடத்தில், பூட் கோப்புகள் இன்னொரு டிஸ்கில் என்று போய் உட்கார்ந்துகொள்ளும் அபாயம் உண்டு. ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றும்போது வீடு இருளும். நான் பட்டிருக்கிறேன்.

வீட்டிலேயே 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி எடுத்துப் போயிருந்தேன். 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 சிப் வேண்டும், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். மாமாவின் மிஷின் சரியாக 8-ஆம் தலைமுறை. ஒரு வருஷம் முன்னால் வாங்கியிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை வயதைச் சொல்லி ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. அது வேறு சண்டை, வேறு பதிவில்.

மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது. அடுத்து கீ கேட்கிற பக்கம் வரும் என்று மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வரவில்லை. ஹோமா, புரோவா என்றும் கேட்கவில்லை. போர்டில் எழுதியிருந்ததை அதுவே படித்துக்கொண்டு நேராக உடன்படிக்கைக்குப் போய்விட்டது.

"என்னடா, பத்திரம் பார்க்காமலே பதிவு பண்றான்?"

"பார்த்துட்டான் மாமா. நமக்குத் தெரியாம பார்த்துட்டான்."

எந்த டிஸ்கில் போட வேண்டும் என்ற பக்கத்தில் 'ஒதுக்கப்படாத இடம்' என்று ஒரே ஒரு வரி. அதற்கு எதிரே 238 ஜிபி. மாமாவின் விரல் திரையைத் தொட்டது.

"256-ன்னுதானே காசு வாங்குனான்? பதினெட்டு எங்கே?"

விற்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆகப் பெருக்குகிறது, அதனால் வருகிற வித்தியாசம் என்று விளக்கினேன். அவர் பெஞ்சில் காத்திருந்த ஆளைப் பார்த்து, "பத்திரத்துல அஞ்சு சென்ட், சங்கிலி போட்டா நாலே முக்கால்," என்றார். பெஞ்சில் இருந்தவர் தன் மனையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பதறிப்போனார்.

கோப்புகள் ஏறி முடிய ஒரு டீ நேரம்தான் ஆனது. 39 நிமிடமெல்லாம் இப்போது இல்லை. சிக்கியது அதற்கப்புறம்தான். 11 ஹோம், நெட் இல்லாமல் மேலே போக மாட்டேன் என்று நிற்கும். புதிதாகப் போட்ட விண்டோஸில் வைஃபை டிரைவர் இல்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். என் போனை சார்ஜர் வயரில் செருகி, யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டேன், பிடித்துக்கொண்டது. உடனே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டது. மாமா அப்போதுதான் முதன்முதலில் ஒரு மின்னஞ்சல் முகவரிக்குச் சொந்தக்காரர் ஆனார்.

டெஸ்க்டாப் வந்ததும் செட்டிங்ஸில் ஆக்டிவேஷனைத் திறந்து காட்டினேன். டிஜிட்டல் உரிமத்தால் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தது. மாமா அந்த வரியை இரண்டு தடவை படித்தார். திருப்தி தெரிந்தது. பென்டிரைவில் தினமும் நகல் எடுக்கிற பழக்கம் அவருக்கு உண்டு, அதனால் பத்திரக் கோப்புகள் பத்திரமாக இருந்தன. ஒன்றைத் திறந்தார்.

முகம் மாறிவிட்டது.

திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் நிறுத்தற்குறியுமாக, குழந்தை கீபோர்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி. 'கிரயப் பத்திரம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வாயில் நுழையாத என்னவோ. இருபது வருஷத்து மாதிரிப் பத்திரங்கள், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், ரத்துப் பத்திரம், எல்லாமே அப்படித்தான்.

தப்பு என்னுடையது. பழைய கோப்புகளெல்லாம் வானவில் அவ்வையார் எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடுக்கு முந்தைய இந்த வகை எழுத்துருக்களில் இங்கிலீஷ் எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருப்பார்கள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கந்தல். அது கோப்போடு வராது, சி டிரைவில் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். கீ வேண்டாம், சிடி வேண்டாம் என்று வீறாப்பாகச் சொன்ன நான் அதை எடுத்து வைக்க மறந்திருந்தேன்.

பல்லி டிஸ்கை மறுபடி மாட்டினேன். முதல் தடவை தெரியவே இல்லை. இரண்டாம் தடவை டிக் டிக். மூன்றாம் தடவை ஏதோ மனமிரங்கி எட்டிப் பார்த்தது. வேறு எதையும் தொடாமல் ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய், வானவில் என்று தொடங்கிய எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு இழுத்தேன். பச்சைக் கோடு பாதியில் நின்றது. மாமா பிள்ளையார் படத்தைப் பார்த்தார். கோடு நகர்ந்தது. கோப்பை மூடித் திறந்தபோது 'கிரயப் பத்திரம்' கொட்டை எழுத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தது.

பெஞ்சில் இருந்தவருக்கு எழுத ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார். "போர்டுல எழுதியிருக்கான்னியே, போர்டு போயிட்டா?"

"அதோட பத்திரமும் போச்சு மாமா. தயாரிச்சவனே அதே போர்டு மாத்திக் கொடுத்தா உண்டு. இல்லாட்டி புதுசா வாங்கணும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேசை டிராயரிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். கடையில் எந்தப் பொருள் வந்தாலும் போனாலும் எழுதி வைக்கிற நோட்டு. தேதி போட்டார். பழைய டிஸ்க் நீக்கப்பட்ட விவரம், புது டிஸ்கின் சீரியல் எண், 238 ஜிபி மட்டும், விண்டோஸ் 10-லிருந்து 11, போர்டின் மாடல் எண், மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் அவர் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இறங்கின. பாஸ்வேர்டை நோட்டில் எழுதக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

கீழே 'சாட்சிகள்' என்று எழுதி 1, 2 என்று போட்டிருந்தார். ஒன்றுக்கு எதிரே டீக்கடைப் பையன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான்.